ஈமாக்ஸின் அலமாரி

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தின் ஓர் ஓரத்தில் பழைய மர அலமாரி ஒன்று நிற்கிறது. மேல் தட்டில் நிறமாலைமானிகள், அதற்கடுத்த தட்டில் வெர்னியர் அளவிகளும் திருகு அளவிகளும், கீழே சுரமானிகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். பக்கத்திலேயே இருப்புப் பதிவேடு. மாணவன் வந்து கேட்டால், ஆய்வக உதவியாளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கேட்ட கருவியை மட்டும் எடுத்துக் கொடுப்பார். காலை ஒன்பது மணிக்கே எல்லாக் கருவிகளையும் மேசைகள்மேல் பரப்பி வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பரப்பவே ஒரு மணி நேரம் போய்விடும். பிறகு முப்பட்டகம் எங்கே, ஆடி எங்கே என்று தேடுவதில் இன்னொரு மணி நேரம் போகும்.

கருவிகள் சிலவாக இருக்கும்வரை அலமாரி தேவையில்லை. கருவிகள் பெருகும்போதுதான் ஒழுங்கு முறை ஒன்று தேவைப்படுகிறது. இந்த எளிய உண்மை கணிப்பொறி உலகில் எவ்வாறு மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டது என்பதற்கு, ஈமாக்ஸ் என்னும் எடிட்டரின் வரலாறு நல்ல சான்றாகும்.

ஆளுக்கொரு விசை

எடிட்டர் என்பது கணிப்பொறியில் எழுத்துகளை உள்ளிடவும் திருத்தவும் பயன்படும் மென்பொருள். தமிழில் உரைத்திருத்தி எனலாம். நிரல் எழுதுவோர் நாள் முழுதும் அதன்முன்தான் அமர்ந்திருக்கின்றனர். தச்சருக்கு உளி எப்படியோ, அவர்களுக்கு உரைத்திருத்தி அப்படி.

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேன் மர்ஃபி என்பவர் டெக்கோ என்னும் உரைத்திருத்தியை உருவாக்கினார். அக்காலத்தில் நிரல்களைத் துளையிட்ட காகித நாடாவில் பதிந்து வைப்பார்கள். அந்த நாடாவில் உள்ள பிழைகளைத் திருத்துவதற்காகப் பிறந்ததே டெக்கோ. இதில் உரையைத் திரையில் பார்த்தபடி திருத்த இயலாது. ஓர் எழுத்து, ஈரெழுத்து ஆணைகளைக் கோவையாகத் தட்டவேண்டும். கணிப்பொறி அவற்றை நிறைவேற்றும். கோவையில் ஓர் எழுத்து தவறினாலும் வேறேதோ நடந்துவிடும்.

பின்னர் அதே கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தில், திரையில் உரையைப் பார்த்துக்கொண்டே திருத்தும் வசதி டெக்கோவில் சேர்க்கப்பட்டது. அங்குப் பணிபுரிந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் இன்னோர் அடி முன்னே சென்றார். விசைப்பலகையின் எந்த விசையைத் தட்டினாலும், பயனர் விரும்பிய ஆணைக்கோவை இயங்குமாறு செய்தார். இத்தகைய ஆணைக்கோவைக்கு மேக்ரோ என்று பெயர்.

விளைவு என்ன தெரியுமா? ஆய்வகத்தில் இருந்தோர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு மேக்ரோத் தொகுதியை எழுதிக்கொண்டனர். ஒருவர் ஒரு விசையைத் தட்டினால் வரி அழியும். இன்னொருவர் அதே விசையைத் தட்டினால் பக்கம் நகரும். ஒருவர் இருக்கையில் மற்றவர் அமர்ந்து வேலை பார்ப்பது கடினமாயிற்று. சுதந்திரம் மிகுந்தது; ஒழுங்கு குறைந்தது.

1976ஆம் ஆண்டில் கை ஸ்டீல் என்பவர் இந்தச் சிதறிய தொகுதிகளையெல்லாம் ஆராய்ந்து, அவற்றுள் சிறந்தவற்றைத் தேர்ந்து ஒரே முறையாக்க முனைந்தார். அப்பணியை ஸ்டால்மன் எடுத்துக்கொண்டு நிறைவேற்றினார். எடிட்டர் மேக்ரோக்கள் என்னும் பொருளில் அதற்கு ஈமாக்ஸ் என்று பெயரிட்டனர். விரும்பியவருக்கு அது இலவசமாகக் கொடுக்கப்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: அதில் யார் எந்த மேம்பாடு செய்தாலும் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஈமாக்ஸ் பிறந்ததே சிதறிக் கிடந்த தனியார் அமைப்புகளை ஒழுங்குபடுத்துவதற்காகத்தான். அந்த ஈமாக்ஸே பிற்காலத்தில் ஒழுங்குபடுத்தப்பட வேண்டிய பொருளாயிற்று என்பதுதான் நம் கதை.

செயலர்கள் எழுதிய நிரல்கள்

1978இல் பெர்னார்ட் கிரீன்பர்க் என்பவர் மல்டிக்ஸ் என்னும் இயக்க முறைமைக்காக ஓர் ஈமாக்ஸ் எழுதினார். டெக்கோவின் புரியாத எழுத்துக் கோவைகளுக்கு மாறாக, லிஸ்ப் என்னும் மொழியில் அதை அமைத்தார். புதிய ஆணைகளையும் லிஸ்ப் மொழியிலேயே சேர்க்கலாம்.

இதுபற்றி ஸ்டால்மன் பின்னாளில் ஓர் உரையில் சுவையான செய்தி ஒன்றைக் கூறியுள்ளார். கிரீன்பர்க்கின் அலுவலகத்தில் இருந்த செயலர்களும் இந்த ஈமாக்ஸில் தங்களுக்கு வேண்டிய ஆணைகளை எழுதக் கற்றுக்கொண்டனராம். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கையேட்டில், "இது நிரல் எழுதும் கலை" என்று எங்கும் குறிப்பிடவில்லை. நமக்கு நிரல் எழுத வராது என்று எண்ணியிருந்தவர்கள், அது நிரல் என்றே அறியாமல் எழுதிவிட்டனர்! கருவியைத் தன் கைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் வல்லுநர்களுக்கு மட்டுமே உரியதன்று என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

1981இல் ஜேம்ஸ் காஸ்லிங் யூனிக்ஸ் முறைமைக்கான ஓர் ஈமாக்ஸை எழுதினார். 1984இல் ஸ்டால்மன் கனூ ஈமாக்ஸைத் தொடங்கி, 1985இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஈமாக்ஸ் என்று வழங்குவது இதுவே. இதன் அடித்தளம் சி மொழியில் அமைந்தது. அதன்மேல் எழும் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. அந்த லிஸ்ப் பகுதியில் எதையும் பயனர் மாற்றலாம். ஈமாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம்.

தொடக்கக் கோப்பு

ஈமாக்ஸ் ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் பயனரின் தொடக்கக் கோப்பு ஒன்றைத் தேடிப் படிக்கும். எழுத்துரு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த விசைக்கு எந்த ஆணை, எந்தெந்தத் துணை நிரல்கள் வேண்டும் என்பவை அதில் இருக்கும். துணை நிரல் என்று நான் சொல்வது பேக்கேஜ் எனப்படுவதை. ஈமாக்ஸின்மேல் வந்து பொருந்தும் தனி மென்பொருள் அது. சான்றாக, குறிப்பெடுக்கவும் பணிப்பட்டியல் வைத்துக்கொள்ளவும் பயன்படும் ஆர்க் என்னும் துணை நிரலைச் சொல்லலாம். கார்ஸ்டன் டொமினிக் என்னும் வானியலாளர் தம் வேலைக்காக 2003இல் அதை எழுதினார். 2007இல் வெளியான ஈமாக்ஸ் 22ஆம் பதிப்பிலேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது.

தொடக்கக் கோப்பு முதலில் பத்து வரியாக இருக்கும். நண்பர் ஒருவரிடமிருந்து பத்து வரி வரும். எங்கோ படித்த இருபது வரி சேரும். சில ஆண்டுகளில் அது ஆயிரம் வரிகளைத் தாண்டிவிடும். எந்த வரி எதற்காக வந்தது என்று எழுதியவருக்கே தெரியாது. அதை அப்படியே தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதை ஈமாக்ஸ் பயனர்கள் வேடிக்கையாகத் "திவால் அறிவிப்பு" என்கின்றனர்.

இத்தகைய கோப்பில் மூன்று தொல்லைகள் உண்டு. முதலாவது, நேரம். "இந்தத் துணை நிரலைக் கொண்டுவா" என்று எழுதினால், அன்று அது பயன்படுமோ படாதோ, தொடக்கத்திலேயே அது ஏற்றப்படும். ஐம்பது துணை நிரல்கள் இருந்தால் ஐம்பதும் மேசைமேல் பரப்பப்படும். இரண்டாவது, வரிசை. ஒரு துணை நிரல் ஏற்றப்படுமுன் செய்ய வேண்டியவை சில. ஏற்றப்பட்ட பின்னரே செய்யக்கூடியவை சில. முன்பின் மாறினால் ஆணை பலிக்காது. மூன்றாவது, பிழை. கோப்பின் நடுவில் ஒரு வரியில் பிழை நேர்ந்தால் ஈமாக்ஸ் அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள வரிகளைப் படிக்காது.

மூன்றாவது தொல்லையை நான் நேரிலேயே அனுபவித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை; மறுநாள் காலை மாதிரித் தேர்வு. வினாத்தாளை ஈமாக்ஸில்தான் எழுதி வைத்திருந்தேன். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அமர்ந்தவன், வேண்டாத வேலையாகத் துணை நிரல்கள் அனைத்தையும் புதுப்பித்துவிட்டேன். மீண்டும் ஈமாக்ஸைத் திறந்தபோது அது வெறுமையாக வந்து நின்றது. நான் அமைத்த விசைகள் இல்லை. தமிழ் எழுத்துரு இல்லை. தேற்றங்களையும் சமன்பாடுகளையும் அச்சுக்கு அனுப்பும் ஆணை இல்லை. நாற்பதாவது வரியில் நான் பயன்படுத்தியிருந்த ஒரு செயற்கூற்றின் பெயரைப் புதிய பதிப்பில் மாற்றிவிட்டிருந்தனர். அந்த ஒரு பெயரால் அதன் கீழிருந்த வரிகள் அனைத்தும் செல்லாதவை ஆயின. வினாத்தாள் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அது அச்சாகி வெளிவர நள்ளிரவு கடந்துவிட்டது. பிழையைத் தேடித்தரும் "டீபக்-இனிட்" என்னும் தொடக்க ஆணை ஒன்று ஈமாக்ஸில் இருப்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

குற்றம் யாருடையது? புதிய பதிப்பு எழுதியவருடையதன்று. அலமாரியே வைக்காமல் கருவிகளைக் குவித்து வைத்த என்னுடையதே.

முதல் தீர்வுகள்

நேரத் தொல்லைக்கு ஈமாக்ஸில் நெடுநாளாகவே ஒரு தீர்வு உண்டு. ஆட்டோலோட் என்பது அதன் பெயர். ஓர் ஆணையின் பெயரையும், அது எந்தக் கோப்பில் உள்ளது என்பதையும் மட்டும் முதலில் பதிந்து வைப்பார்கள். யாரேனும் அந்த ஆணையை முதன்முறையாக அழைக்கும்போதுதான் கோப்பு ஏற்றப்படும். நம் இருப்புப் பதிவேடு இதுவேதான்: பெயர் பதிவேட்டில், பொருள் அலமாரியில். வரிசைத் தொல்லைக்கும், "இந்தத் துணை நிரல் ஏற்றப்பட்ட பிறகு இதைச் செய்" என்று சொல்லி வைக்கும் வசதி இருந்தது. ஆனால் இவற்றையெல்லாம் ஒவ்வொரு துணை நிரலுக்கும் தனித்தனியே கையால் எழுத வேண்டும். எழுதியவை கோப்பு முழுதும் சிதறிக் கிடக்கும்.

1997இல் வந்த 20ஆம் பதிப்பில் கஸ்டமைஸ் என்னும் வசதி சேர்ந்தது. படிவம் நிரப்புவதுபோல் திரையில் விருப்பங்களைத் தேர்ந்தெடுத்தால், ஈமாக்ஸே அவற்றை எழுதி வைத்துக்கொள்ளும். புதியவர்களுக்கு இது எளிது. ஆயினும் எல்லா விருப்பங்களும் ஒரே பட்டியலாகக் குவியும். எதை ஏன் தேர்ந்தோம் என்ற குறிப்பு அதில் இருப்பதில்லை.

துணை நிரல்களைப் பெறுவதும் அக்காலத்தில் எளிதன்று. யூஸ்நெட் செய்திக் குழுக்களிலிருந்தும் அவரவர் தளங்களிலிருந்தும் கோப்பை எடுத்து, உரிய இடத்தில் வைத்து, அந்த இடத்தை ஈமாக்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும். 2007இல் டாம் ட்ரோமி என்பவர் இதற்கு வழி கண்டார். துணை நிரல்கள் எல்லாவற்றையும் ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைத்து, ஒரே ஆணையில் தருவித்து நிறுவும் மென்பொருளை எழுதினார். 2012 ஜூன் மாதம் வெளிவந்த 24ஆம் பதிப்பில் அது ஈமாக்ஸின் உறுப்பாகவே ஆயிற்று. மெல்பா முதலிய பிற களஞ்சியங்களும் தோன்றின.

பெறுவது எளிதானதும் என்ன நடக்கும்? வீட்டுக்கு அருகிலேயே கடை திறந்தால் நடப்பதுதான்! பத்துத் துணை நிரல்கள் வைத்திருந்தவர் நூறு வைத்துக்கொண்டார். தொடக்கக் கோப்பு பெருத்தது. 1976க்கு முந்திய குழப்பம் வேறு வடிவில் திரும்பி வந்தது.

ஒரு பொருள், ஓர் அட்டை

2012இல் ஜான் வீக்லி என்பவர் யூஸ்-பேக்கேஜ் என்னும் கருவியை வெளியிட்டார். இவரே பின்னர், 2015இல், ஈமாக்ஸின் தலைமைப் பராமரிப்பாளராகவும் பொறுப்பேற்றார். அவருடைய கருத்து எளியது: ஒரு துணை நிரலைப் பற்றிய செய்திகள் அனைத்தும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நூலகத்தில் ஒரு நூலுக்கு ஓர் அட்டை இருப்பதுபோல், ஒரு துணை நிரலுக்கு ஒரு தொகுதி. தொகுதியின் தலைப்பில் அதன் பெயர் இருக்கும். அதன்கீழ்க் குறிச்சொற்கள் வரும்.

"இனிட்" என்னும் குறிச்சொல்லின்கீழ், ஏற்றப்படுமுன் செய்ய வேண்டியவை. "கான்ஃபிக்" என்பதன்கீழ், ஏற்றப்பட்டபின் செய்ய வேண்டியவை. "பைண்ட்" என்பதன்கீழ் விசைகள். "ஹுக்" என்பதன்கீழ், எந்த நிகழ்ச்சியின்போது இது விழித்தெழ வேண்டும் என்பது. "என்ஷூர்" என்று எழுதினால், அந்தத் துணை நிரல் இல்லாதபோது களஞ்சியத்திலிருந்து தருவிக்கப்படும். "டிஸேபிள்ட்" என்னும் ஒரே சொல்லைச் சேர்த்தால் தொகுதி முழுவதும் ஓய்வு பெறும். அழிக்க வேண்டியதில்லை.

இது எவ்வாறு வேலை செய்கிறது? யூஸ்-பேக்கேஜ் ஒரு மேக்ரோ. நாம் எழுதும் அட்டையைப் படித்து, முன்பு நாம் கையால் எழுதிய ஆட்டோலோட் முதலிய வரிகளை அதுவே எழுதித் தருகிறது. அவ்வாறு விரிந்த வடிவத்தை விரும்பினால் திரையில் பார்க்கலாம். இதில் மந்திரம் எதுவும் இல்லை. மற்றொன்று: "கான்ஃபிக்" பகுதியில் பிழை நேர்ந்தால் எச்சரிக்கை காட்டிவிட்டு அடுத்த தொகுதிக்குப் போய்விடும். எனக்கு நேர்ந்த நள்ளிரவுத் தொல்லை இதில் பெரும்பாலும் நேராது. மேலும், எந்தத் துணை நிரல் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளந்து பட்டியலிடும் வசதியும் இதில் உண்டு. இயற்பியல் படித்தவனுக்கு இது மிகவும் பிடித்த பகுதி!

பலர் இதை, துணை நிரல்களை நிறுவும் கருவி என்று தவறாக எண்ணுகின்றனர். நிறுவுவது வேறு, ஒழுங்குபடுத்துவது வேறு. கடையிலிருந்து கருவியை வாங்கி வருபவர் ஒருவர். அலமாரியில் அடுக்குபவர் இன்னொருவர். யூஸ்-பேக்கேஜ் அடுக்குபவர்தான். வாங்க வேண்டியதை வேறொருவரிடம் சொல்லிவிடும்.

இதில் குறையே இல்லையா? உண்டு. "பைண்ட்", "ஹுக்" போன்ற சொற்கள் இருந்தால் துணை நிரல் தேவைப்படும்வரை காத்திருக்கும்; அவை இல்லாவிட்டால் உடனே ஏறிவிடும். ஆகவே ஒரு தொகுதி இப்போது ஏறுமா பிறகு ஏறுமா என்பது, அதில் வேறு எந்தச் சொற்கள் உள்ளன என்பதைப் பொறுத்தது. விசைக்கான ஒரு வரியைச் சேர்த்ததும் "கான்ஃபிக்" பகுதி இயங்கவில்லையே என்று தொடக்க நிலைப் பயனர்கள் திகைப்பதற்கு இதுவே காரணம்.

இரு மாற்று வழிகள்

இக்குறையைக் கண்டவர்கள் வேறு கருவிகளை ஆக்கினர். அவற்றுள் இரண்டைக் காண்போம்.

முதலாவது, லீஃப். பெயரும் குறிச்சொற்களும் கொண்ட அட்டை முறைதான் இதுவும். ஆனால் இதில் துணை நிரல் தானாக ஏறாது. ஏற்ற வேண்டும் என்று "ரிக்வயர்" என்னும் சொல்லால் நாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஊகத்துக்கு இடமில்லை. ஒரு தொகுதிக்குள் இன்னொரு தொகுதியை வைத்து, தட்டுக்குள் தட்டாக அடுக்கவும் வழி உண்டு. இன்னொரு சிறப்பு: இது என்ன, எங்கிருந்து வந்தது, என்று சேர்த்தோம் என்பவற்றைக் குறித்து வைக்கத் தனிக் குறிச்சொற்கள் உள்ளன. கணிப்பொறி அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அவை மனிதருக்காக.

இரண்டாவது, 2021இல் வந்த செட்டப். யூஸ்-பேக்கேஜும் லீஃபும் நிரப்ப வேண்டிய படிவம் போன்றவை. குறிச்சொல்லின்கீழ் எதை எழுதலாம் என்பதற்கு அவை விதி வைத்துள்ளன. செட்டப்போ சாதாரண லிஸ்ப் நிரலின் இடையிடையே சில சுருக்கச் சொற்களைப் பயன்படுத்த விடுகிறது. தலைப்பில் உள்ள பெயரைக் கொண்டு, இந்த விசை யாருக்கு, இந்த விருப்பம் யாருக்கு என்று அதுவே கண்டுகொள்ளும். நமக்கு வேண்டிய புதிய சுருக்கச் சொற்களை நாமே எளிதில் ஆக்கிக்கொள்ளலாம். படிவம் நிரப்புவது போதும் என்பவருக்கு முதல் வகை. சொந்த நடையில் எழுத விரும்புபவருக்கு இந்த வகை.

மூன்றையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். இவை மூன்றும் விடை தேடுவது ஒரே கேள்விகளுக்குத்தான்: எது வேண்டும்? எப்போது வேண்டும்? ஏன் வேண்டும்? யூஸ்-பேக்கேஜ் "எப்போது" என்பதைப் பெரும்பாலும் தானே ஊகிக்கிறது. லீஃப் அதை நம்மையே சொல்லச் சொல்கிறது. "ஏன்" என்பதற்கும் இடம் ஒதுக்குகிறது. செட்டப், விடையைச் சொல்லும் முறையையே நம்மிடம் விட்டுவிடுகிறது.

விரைவு மட்டுமே வேண்டுமென்றால் வேறு வழியும் உண்டு. 2009இல் வந்த 23ஆம் பதிப்பிலிருந்து ஈமாக்ஸைப் பின்னணியில் ஒருமுறை ஓடவிட்டு, வேண்டும்போது அதன் சாளரத்தை மட்டும் திறக்கலாம். காலையில் ஒருமுறை தொடங்குபவர் சில வினாடிகளுக்காகக் கோப்பை நாள்தோறும் செதுக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அதே ஆய்வு, அதே விடை

இன்னும் ஒரு கேள்வி எஞ்சியுள்ளது. ஒரு சோதனையை மற்றோர் ஆய்வகத்தில் செய்தாலும் அதே விடை வர வேண்டும் என்பது இயற்பியலின் அடிப்படை. என் தொடக்கக் கோப்பை வேறொரு கணிப்பொறியில் வைத்தால் அதே ஈமாக்ஸ் கிடைக்குமா? பொதுவாக, நிறுவும் கருவிகள் அன்று கிடைக்கும் புதிய பதிப்பையே தருவிக்கும். ஆகவே, இன்று நிறுவியதும் அடுத்த மாதம் நிறுவுவதும் ஒன்றாக இருக்கும் என்று உறுதி கூற இயலாது.

2017இல் வெளிவந்த ஸ்ட்ரெய்ட் என்னும் கருவி இக்குறையைத் தீர்க்க முற்பட்டது. இது துணை நிரலின் மூல நிரலையே கிட் என்னும் பதிப்பு மேலாண்மை முறையின்வழிக் கொண்டுவருகிறது. எந்தத் துணை நிரல் எந்த நிலையில் இருந்தபோது நம் ஈமாக்ஸ் சரியாக ஓடியது என்பதைப் பூட்டுக் கோப்பு ஒன்றில் பதிந்து வைக்கலாம். பிறகு எங்கே நிறுவினாலும், எத்தனை மாதம் கழித்து நிறுவினாலும், அதே நிலைக்குத் திரும்பலாம். ஸ்ட்ரெய்ட் வாங்கி வரும், யூஸ்-பேக்கேஜ் அடுக்கும். இரண்டையும் இணைத்தே பலர் பயன்படுத்துகின்றனர்.

இந்த வரலாறு ஈமாக்ஸுக்கு மட்டும் உரியதன்று. விம் என்னும் மற்றோர் உரைத்திருத்தியிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கே 2008இல் டிம் போப் என்பவர் பாத்தோஜென் என்னும் சிறு கருவியால் துணை நிரல்களைத் தனித்தனி அறைகளில் வைக்க வழி செய்தார். அதன் வழியில் வேறு கருவிகள் பல தோன்றின. 2016இல் வந்த விம் 8ஆம் பதிப்பில் அத்தகைய வசதி உள்ளேயே சேர்க்கப்பட்டது. பயனர் ஒருவருக்குத் தேவை எழுகிறது. அவர் வெளியே ஒரு தீர்வு காண்கிறார். நாளடைவில் அது கருவிக்குள்ளேயே இடம் பெறுகிறது. யூஸ்-பேக்கேஜும் அவ்வாறே 2023 ஜூலையில் வெளியான ஈமாக்ஸ் 29ஆம் பதிப்பின் உறுப்பாயிற்று. 2025 பிப்ரவரியில் வந்த 30ஆம் பதிப்பில், மூல நிரல் இருக்கும் இடத்திலிருந்தே நேராகத் தருவிக்கும் குறிச்சொல் ஒன்றும் அதில் சேர்ந்தது.

எதைத் தேர்வது?

மாணவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். என் விடை இது: புதிதாகத் தொடங்குபவர் ஈமாக்ஸுடனேயே வரும் யூஸ்-பேக்கேஜில் தொடங்கலாம். அதன் ஊகங்கள் தொல்லை தந்தால் லீஃபுக்கோ செட்டப்புக்கோ மாறலாம். இரண்டு கணிப்பொறிகளில் ஒரே வேலையைச் செய்பவர் ஸ்ட்ரெய்ட்டையும் பார்க்க வேண்டும். ஆனால் எந்தக் கருவியும் உங்களுக்காக "ஏன்" என்பதை எழுதித் தராது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கு மேலும் ஒரு வரி விளக்கம் போதும். பிறர் எழுதியதைக் கடன் வாங்கும்போது, புரிந்துகொண்ட பின்னரே அலமாரியில் வையுங்கள்.

அந்த நள்ளிரவுக்குப் பிறகு நானும் என் பழைய கோப்பைத் திவாலாக்கினேன். ஒரு வாரம் மாலை நேரங்களில் அமர்ந்து ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தேன். ஆயிரம் வரிகளுக்கு மேல் இருந்தது, முந்நூறில் அடங்கிற்று. மற்றவை எதற்காக இருந்தன என்பதற்கு என்னிடம் விடையே இல்லை.

மல்டிக்ஸ் அலுவலகத்துச் செயலர்கள் தாம் எழுதியது நிரல் என்று அறியாமலே எழுதினர். ஆனால் தமக்கு வேண்டியது இன்னது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் கருவியை நாமே திருத்திக்கொள்ளும் உரிமை அரியது, எளிதில் கிடைத்ததன்று. திருத்தியது என்ன, ஏன் என்று பதிவேட்டில் எழுதி வைப்பது அந்த உரிமையோடு சேர்ந்த கடமை. எங்கள் ஆய்வக உதவியாளர் கையெழுத்து வாங்காமல் ஒரு கருவியையும் கொடுப்பதில்லை. அந்தப் பதிவேட்டின் அருமை எனக்கு விளங்கியது, என் ஈமாக்ஸ் வெறுமையாக வந்து நின்ற அந்த இரவில்தான்.